நமது கடைக்கு எந்த எழுத்து? ஊவாவில் ஓர் எழுத்துருத் தேர்வின் அரசியல்

எல்லயிலோ ஹப்புத்தளையிலோ ஓரிரவு தங்குவதற்கு இணையத்தில் இடம் தேடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரே மாதிரியான படம்தான். பனி படர்ந்த தேயிலை மலை, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அந்தப் படத்தின் மேல் மெல்லிய, அழகான ஆங்கில எழுத்தில் விடுதியின் பெயர். சில தளங்களில் சிங்களமும் இருக்கும். கொழுந்து பறிக்கும் அந்தப் பெண் வாசிக்கக்கூடிய எழுத்து பக்கம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. அவளுடைய முகம் விளம்பரத்துக்கு உதவுகிறது. அவளுடைய மொழிக்கு அங்கே இடமில்லை.

வெளியார் நடத்தும் விடுதிகள் இப்படி இருப்பதில் எனக்குப் பெரிய வியப்பில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தொடங்கும் சிறு தொழில்களின் தளங்களும் இப்படியே இருப்பதுதான் என்னை எழுத வைத்தது. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளம், விலைப்பட்டியல், பெயர்ப்பலகை என்று செய்துகொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவர், வீட்டில் தேயிலை பொதி செய்து விற்பவர், முச்சக்கரவண்டியில் பயணிகளை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அழைத்துச் செல்பவர், கேக் செய்பவர், தையல் கடைக்காரர் என்று பலர் வருகிறார்கள். ‘நல்ல ஃபொன்ட் ஒன்று போட்டுத் தாங்க’ என்பது எல்லோரும் கேட்பது. அதற்கு அவர்கள் காட்டும் மாதிரிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழுக்கு என்ன போடுவது என்று நான் கேட்டால், ‘அது ஏதாவது இருக்கட்டும்’ என்பார்கள்.

இந்த ‘ஏதாவது’ என்ற சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சட்டம், வன்முறை, தொழில்நுட்பம் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது சின்ன வேலைதான். ஆனால் நம் பெயரை நம் எழுத்தில், எந்த இடத்தில், எவ்வளவு தடிப்பாக வைக்கப்போகிறோம் என்பதை நாமே தீர்மானிக்கும் அரிதான சந்தர்ப்பம் அது.

பலகைகள் கற்றுத்தந்த பாடம்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டம் தமிழும் அரச கரும மொழியாக இருத்தல் வேண்டும் என்றது. 1988 இல் வந்த 16 ஆவது திருத்தம் அதை விரிவாக்கியது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்தில் கொண்டு, அதை இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்க அரசியலமைப்பில் இடமுண்டு. அந்த ஏற்பாட்டின்படி 1999 இல் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகள் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தமிழர். தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும். காகிதத்தில் நமக்கு எழுத்துரிமை இருக்கிறது.

பலகைகளில் அந்த உரிமை எப்படி இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேருந்துகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தில் ‘தாய்’ என்பது ‘நாய்’ என்று எழுதப்பட்டிருந்ததை நாடே பார்த்தது. 2021 மே மாதம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறக்கப்பட்ட நூலகத்தின் நினைவுப் பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தப் பலகை அகற்றப்பட்டது. தமிழ் விடுபடும், இருந்தால் பிழையோடு இருக்கும், பிழை இல்லாவிட்டால் சிறிதாக இருக்கும். அரச பலகைகளிடம் நாம் வைக்கும் முறைப்பாடு இந்த மூன்றும்தான்.

இப்போது நம் சொந்தத் தளத்தைத் திறந்து பார்ப்போம். ஆங்கிலப் பெயருக்கு ஒரு வாரம் தேடித் தெரிவுசெய்த எழுத்து. தமிழ்ப் பெயர் ஒன்றில் இல்லை, அல்லது பக்கத்தின் அடியில் ஒரு வரியாக, கணினி தானாகக் கொடுத்த எழுத்தில் கிடக்கிறது. அரசிடம் நாம் எதைக் குறையென்கிறோமோ, அதையே நம் வாசலில் நாமே செய்துகொள்கிறோம். இங்கே நம்மைத் தடுக்கும் அதிகாரி எவருமில்லை.

ஆங்கிலப் பெயரின் பின்னால் இருக்கும் அச்சம்

ஆனால் இதை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹப்புத்தளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், அப்பாவின் ஓய்வுகாலப் பணத்தில் கட்டிய இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடத் தொடங்கிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். தோட்டத்து மக்கள் அந்த மலைப்பகுதிக்கு வைத்த தமிழ்ப் பெயரையே விடுதிக்கும் வைக்க விரும்பினார். கூட வந்த அப்பா குறுக்கிட்டார்.

“தமிழ்ல பெருசா போடாத தம்பி. இங்கிலீசுல மட்டும் போடு. எண்பத்தி மூணுல பதுளை டவுன்ல தமிழ்க் கடைன்னு பார்த்துப் பார்த்துத்தான் எரிச்சாங்க. நீ அப்ப பொறக்கல.”

மகன் பதில் பேசவில்லை. எனக்கும் உடனே சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அந்த அப்பாவின் அச்சத்துக்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1958 இல் வாகன இலக்கத் தகட்டின் ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை எழுத்தைச் சுற்றிப் பிரச்சினை வெடித்தது. வடக்கில் சிங்கள ஸ்ரீயின் மேல் தார் பூசப்பட்டது; தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசப்பட்டது. 1977 இலும் 1983 இலும் வன்முறை மலையகத்தையும் தாக்கியது. 1983 ஜூலை 27 இல் பதுளை நகரம் எரிந்தது. 2000 ஒக்டோபர் 25 இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கடை வைத்திருப்பவர், பெயர்ப்பலகையில் தன் இனம் தெரியாதபடி பார்த்துக்கொள்வது உயிர்காக்கும் உத்தியாக இருந்தது. ‘றோயல்’, ‘சிற்றி’, ‘நியூ’ என்று தொடங்கும் கடைப்பெயர்கள் நாகரிகத்துக்காக மட்டும் வந்தவை அல்ல.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு இது தூரத்துக் கதையாக இராது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். வன்னியில் குடியேறி, அங்கே போரின் கடைசி மாதங்கள் வரை எல்லாவற்றையும் அனுபவித்து, 2009 இல் முகாமுக்குள் போனவர்களில் பதுளை, பசறை, லுணுகலை என்று பூர்வீகம் சொல்பவர்களும் இருந்தார்கள். எழுத்தைக் காட்டுவதா மறைப்பதா என்ற கேள்வியை அவர்கள் இரண்டு நிலங்களில் சந்தித்தவர்கள்.

எனவே தமிழில் எழுதாதவரைக் கோழை என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. நான் கேட்பது வேறு. இன்று ஒருவர் தமிழை விடுவது அச்சத்தினாலா, பழக்கத்தினாலா? அச்சம் என்றால் அதை மதிக்க வேண்டும். பழக்கம் என்றால் அதை மாற்றலாம். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் இளையவர்கள். அவர்களில் பலருக்கு இரண்டாவதுதான் காரணம். ‘தமிழ் எழுத்து ஸ்டைலா இருக்காது’ என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொழில்நுட்பத்தில் விடை இருக்கிறது.

பாமினி விட்டுச்சென்ற கடன்

இலங்கைத் தமிழரின் கணினி வாழ்க்கையில் பாமினி எழுத்துருவுக்குத் தனி இடம் உண்டு. புலம்பெயர்ந்த பத்திரிகைகள், மரண அறிவித்தல்கள், பாடசாலை மலர்கள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் அச்சாகின. ஆனால் பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திய ஏற்பாடு. ‘தமிழ்’ என்று நாம் திரையில் பார்க்கும்போது, கணினி அதை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே சேமித்து வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். போர்க்காலத்தில் புலம்பெயர் நாடுகளில் தொடங்கப்பட்ட பல தளங்களின் பழைய பக்கங்களை இன்று திறந்தால் இப்படித்தான் காட்சியளிக்கின்றன.

யூனிகோட் குறியீட்டில் தமிழ் 1991 இல் இருந்தே இருக்கிறது. 2008 இல் இலங்கைத் தர நிர்ணயமும் தமிழ்க் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் வந்துவிட்டது. 2010 முதல் ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ் இணைய முகவரியையே பெற முடிகிறது. இருந்தும் பதுளையில் பதாகை அடிக்கும் இடங்களில் இன்றும் பாமினியும் அதன் உறவினர்களும்தான். காரணம் எளிது. பலகைக்கான தடித்த, வளைந்த, நிழல் விழும் அலங்கார எழுத்துகள் பழைய முறையில் நிறைய இருந்தன. யூனிகோடில் நீண்ட காலம் இருக்கவில்லை.

இதனால் ஒரு பழக்கம் வேரூன்றியது. கடைப்பெயரைப் பாமினியில் அழகாக அமைத்து, படமாக மாற்றி, தளத்தில் ஒட்டிவிடுவது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ‘ஹப்புத்தளை தங்குமிடம்’ என்று கிளிநொச்சியிலோ ரொறன்ரோவிலோ இருந்து ஒருவர் தேடினால் அந்த விடுதி அகப்படாமல் போகலாம். பார்வையற்ற ஒருவரின் கைப்பேசி அந்தப் பெயரை வாசிக்காது. முகவரியைப் பிரதி எடுத்து முச்சக்கரவண்டிக்காரருக்கு அனுப்பவும் வழியில்லை. எழுத்து இருக்கிறது, ஆனால் அது எழுத்தாக வேலை செய்யவில்லை. பாமினியில் இருக்கும் பழைய உரையை யூனிகோடுக்கு மாற்றுவது இன்று ஒரு நிமிட வேலை. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன.

திரை தானாகச் செய்யும் வேலை

இரண்டாவது பிரச்சினை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. தளத்துக்கு நீங்கள் தெரிவுசெய்த அழகான ஆங்கில எழுத்துருவுக்குள் தமிழ் எழுத்துகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உலாவி உங்களிடம் எதையும் கேட்காது. அந்தந்த இயந்திரத்தில் இருக்கும் தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். பழைய விண்டோஸ் கணினியில் லதா, புதியதில் நிர்மலா, ஆண்ட்ரொய்டில் நோட்டோ, ஐபோனில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்ச் சங்கம் என்று ஆளுக்கொரு தோற்றம். இவை நல்ல எழுத்துருக்கள்தான். நீண்ட உரையை வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு கடையின் பெயரைப் பெரிதாகத் தாங்கி நிற்பதற்காக அல்ல.

இதன்மேல் ஆங்கிலத் தலைப்புக்கான அலங்காரங்களும் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. தலைப்பைப் பெரிய எழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அமைப்பது இப்போதைய பாணி. தமிழில் அந்த வேறுபாடு இல்லை. இடைவெளியை மட்டும் கூட்டினால் சொல் சிதறிப்போகும். ஆங்கில வரிக்கான உயரத்தைத் தமிழுக்குக் கொடுத்தால், மேலே ‘கீ’யின் வளைவும் கீழே ‘நூ’வின் வாலும் அடுத்த வரியில் இடிக்கும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குத் தடிப்புக் கேட்டால், உலாவி தானே கோடுகளைப் பெருக்கச் செய்து ‘ண’வின் சுழிகளை அடைத்துவிடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிச் சிதைந்த தமிழை, கவனமாக அமைத்த ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் இளைஞர் என்ன நினைப்பார்? தமிழ் எழுத்தே அழகில்லை என்றுதான். பிழை எழுத்தில் இல்லை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டியதில் இருக்கிறது.

ஊவாவின் ஐகாரச் சோதனை

ஓர் எழுத்துரு நம் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, நம் ஊர்ப் பெயர்களே போதும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, வெலிமடை, லுணுகலை, மடுல்சீமை, மொனராகலை என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ஊவாவின் ஊர்களில் பெரும்பாலானவை தமிழில் ஐகாரத்தில் முடிகின்றன. தேயிலையும் அப்படித்தான். ஆகவே ‘ை’ என்ற கொம்பு சரியில்லாத எழுத்துரு இங்கே உதவாது. படம் வரையும் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு இயக்கப்படாவிட்டால், இந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நகரத்தில் தொங்கும் பதாகைகளில் இந்தப் பிழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து ‘ஊவா’ என்று எழுதிப் பாருங்கள். ‘ஊ’ ஒரே எழுத்தாகத் தெரிய வேண்டும். ‘உ’வும் ‘ள’வும் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரியக்கூடாது. கடைசியில் வரும் கால், ‘ர’ போலத் தெரியக்கூடாது. ‘ஹப்புத்தளை’யில் இரண்டு புள்ளிகளும் தடித்த எழுத்திலும் திறந்து தெரிய வேண்டும். ‘லுணுகலை’யில் ‘லு’, ‘ணு’ இரண்டின் வால்களும் கீழே வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். ‘தாய்’, ‘நாய்’ இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, கைப்பேசியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ‘த’வுக்கும் ‘ந’வுக்கும் குழப்பம் வந்தால் அந்த எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பேருந்துப் பலகை நமக்குத் தந்த பாடம் அது. கடைசியாக, பெயரில் ‘ஸ்ரீ’யோ ‘ஜ’வோ ‘ஷ’வோ இருந்தால் அவையும் அந்த எழுத்துருவுக்குள் உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓர் எழுத்து மட்டும் வேற்றாளாக நிற்கும்.

கையில் இருப்பவை

யூனிகோடில் அலங்காரத் தமிழ் எழுத்துரு இல்லை என்ற பழைய முறைப்பாடு இன்று முழுமையாகப் பொருந்தாது. கடந்த பத்தாண்டுகளில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பல தமிழ் எழுத்துருக்கள் சேர்ந்துள்ளன. திறந்த உரிமத்தில் வருபவை என்பதால் வியாபாரத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

பலூ தம்பி உருண்டு தடித்தது. கேக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் பொருந்தும், தூரத்திலிருந்தும் தெரியும். கட்டமரன் என்பது நம் கட்டுமரத்தின் பெயர் கொண்டது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் உள்ளன. விடுதிக்கும் தேயிலைப் பொதிக்கும் நான் அதிகம் பரிந்துரைப்பது இதுதான். 2022 இல் வெளியான அனேக் தமிழில் தடிப்பு மட்டுமன்றி அகலத்தையும் மாற்றலாம். நீளமான தமிழ்ப் பெயர்கள் சிறிய திரையில் உடையாமல் அடங்க இது பெரிய உதவி. முக்தா மலரும் ஹிந்த் மதுரையும் அலங்காரம் குறைந்தவை. விபரங்களையும் விலைகளையும் எழுத நல்லவை.

இவற்றுள் பவனம், கவிவாணர் என்ற இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் உருவாக்கியவர் தாரிக் அஸீஸ், இலங்கையர். பவனம் திறந்த, அமைதியான எழுத்து. ஒரே தடிப்பில்தான் கிடைக்கிறது. கவிவாணர் சாய்ந்த கையெழுத்துப் பாணி. பெயருக்கும் வரவேற்பு வரிக்கும் அழகு, விலைப்பட்டியலுக்கு ஆகாது. இந்த நாட்டில் தமிழ் பேசும் ஒருவர் செய்த எழுத்து உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும்போது, பதுளைக் கடையொன்று அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்குக் காரணம் தெரியாமை ஒன்றுதான்.

ஒரு தளத்துக்கு ஓர் அலங்கார எழுத்துரு போதும். அதைப் பெயருக்கும் தலைப்புகளுக்கும் மட்டும் வையுங்கள். மற்றவற்றை எளிய எழுத்தில் எழுதுங்கள். எல்லாத் தடிப்புகளையும் தளத்தில் ஏற்ற வேண்டாம். தோட்டப்புறங்களில் சமிக்ஞை பலவீனம். தரவுப் பொதியும் காசு கொடுத்து வாங்குவது. பாரமான பக்கம் முதலில் பாதிப்பது நம் ஆட்களைத்தான். எழுத்துரு வந்து சேரும் வரை சாதாரண எழுத்தில் பெயர் தெரியும்படி அமைத்துவிட்டால், வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக் காத்திருக்க நேராது. தமிழ்ப் பகுதியைத் தமிழ் என்று பக்கத்தின் நிரலில் குறித்துவைப்பதும் அவசியம். வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வழி சொல்லும்.

மூன்று மொழி, ஒரே தட்டு

நான் சொல்வதைத் தமிழை மட்டும் பெரிதாக்கும் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊவாவில் நம் அயலவர் சிங்களவர். உள்நாட்டுப் பயணிகளில் பெரும்பான்மையோரும் அவர்கள்தான். சிங்களத்துக்குக் கொழும்பின் மூனியாக் குழுவினர் வெளியிட்ட அபய லிப்ரே, கெமுனு லிப்ரே போன்ற நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. மூன்று எழுத்தும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமென்றால் நோட்டோ குடும்பத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கிடைக்கும். அலங்காரம் குறைவு, ஆனால் சண்டையில்லை.

பொருத்தும்போது எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள். ஒரே அளவு எண் கொடுத்தாலும் மூன்று எழுத்தும் ஒரே பெரிதாகத் தெரிவதில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தோடு தமிழ் ‘ப’வின் உயரம் ஏறக்குறைய ஒத்திருக்கட்டும். கோட்டின் தடிப்பும் ஒத்திருக்கட்டும். முக்கியமாக, தமிழை முதலில் தெரிவுசெய்து, அதற்கேற்ப மற்ற இரண்டையும் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் இருக்கின்றன. எந்தத் தமிழுக்கும் ஒரு துணை கிடைக்கும். ஆங்கிலத்தில் தொடங்கினால் தமிழுக்குக் கிடைப்பது அந்தப் பழைய ‘ஏதாவது’தான்.

யாருக்காக?

‘வருபவர் வெள்ளைக்காரர், அவருக்குத் தமிழ் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பயணிக்குத் தேவையான விபரங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்று பதுளைக்கு இரயிலேறி வருபவர்களில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் உண்டு. பிள்ளைகளோடு ஊர் பார்க்க வரும் புலம்பெயர்ந்தோர் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் உண்டு. 1983 இல் விட்டுப்போன லயத்தைத் தேடி வன்னியிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளும் உண்டு. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் தொலைபேசியில் எந்த மொழியில் பேசலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சிறு தொழிலுக்கு இந்த நம்பிக்கையே பெரிய விளம்பரம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தேயிலைப் பெட்டிகளின் மேல் ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டு உலகமெங்கும் போனது. பல தோட்டங்களுக்கு நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறு. அது வாயில் மட்டுமே வாழ்ந்தது; பெட்டியில் ஏறவில்லை, வரைபடத்திலும் ஏறவில்லை. தாமே தொழில் தொடங்கும் முதல் தலைமுறை இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தப் பெயர்களை எழுத்தில் ஏற்றும் வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது.

எழுத்துரு காணியுரிமை பெற்றுத் தராது. லயத்தை வீடாக்காது. 2024 இல் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்குவதற்கே எவ்வளவு இழுபறி நடந்தது என்பதை எல்லோரும் அறிவோம். அந்தப் போராட்டங்களுக்கு இது மாற்றல்ல. ஆனால் அவற்றுக்கெல்லாம் கம்பனியின், அமைச்சின், சம்பள நிர்ணயச் சபையின் சம்மதம் வேண்டியிருக்கிறது. இதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், செலவும் இல்லை.

ஹப்புத்தளை இளைஞரின் தளம் மூன்று மொழிகளில் வந்தது. தமிழ்ப் பெயர் கட்டமரனின் நடுத்தரத் தடிப்பில், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சமமான அளவில். வீதியோரப் பலகையில் அப்பாவின் விருப்பப்படி ஆங்கிலமும் சிங்களமும் மட்டும். வீதிக்கு ஒரு முடிவு, திரைக்கு ஒரு முடிவு. அந்தக் குடும்பத்தின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான இடைவழி என்றே எனக்குப் பட்டது. பலகையைப் பற்றி அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆங்கில மாதிரிகளைத் திறக்கும் முன், உங்கள் தொழிலின் பெயரைத் தமிழில், யூனிகோடில், கைப்பேசியில் ஒருமுறை தட்டுங்கள். அதை நாலைந்து எழுத்துருக்களில் மாற்றி மாற்றிப் போட்டு, வீட்டில் கண்பார்வை மங்கிய மூத்தவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறாமல் வாசிக்கும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.